பெரிய டயர் மாட்டினால் மண் இளகுமா?

ஐப்பசி மழை விட்டு மூன்றாம் நாள். வாழைத் தோட்டத்துக்குள் போனேன். பாத்தியில் இருந்த தண்ணீர் எப்போதோ இறங்கிவிட்டது. மூடாக்கை விலக்கினால் மண்புழு எச்சம் குவியல் குவியலாகக் கிடந்தது. ஆனால் டிராக்டர் போய் வந்த இரண்டு தடத்திலும் தண்ணீர் அப்படியே கட்டி நின்றது. கையில் இருந்த கடப்பாரையைப் பாத்தியில் ஊன்றினேன்; கை பாரத்துக்கே ஒரு முழம் இறங்கியது. தடத்தில் ஊன்றினேன், நாலு விரல் போய் நின்றுவிட்டது.

பின்னாலேயே வந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, எட்டு வருசமா சாணியும் தழையும் போட்டு இந்த மண்ணத் தேத்துனோம். வண்டி போற எடமெல்லாம் தார் ரோடாட்டம் கெடக்குதே. அப்பறம் எதுக்கு இத்தன பாடு?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் என் சிறிய டிராக்டருக்குப் பெரிய டயர் மாட்டினேன். அதில் பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன். சின்ன டிராக்டர் வைத்திருக்கும் நம் நண்பர்கள் பலர் இப்போது இதே யோசனையில் இருப்பதால், என் நஷ்டம் அவர்களுக்காவது லாபமாகட்டும்.

டயர் மாற்றிய கதை

கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எனக்கு நாலு ஏக்கர். வாழை, மஞ்சள், மீதியில் நெல். வண்டி 24 குதிரைத்திறன் உள்ள சின்ன டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கிற வகை. பின் டயர் 8.3-20. அதாவது டயரின் அகலம் 8.3 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம். இதே 20 அங்குல ரிம்மில் 9.5-20 என்று அடுத்த அளவு டயர் கிடைக்கிறது.

என் கணக்கு எளிமையானது. டயர் அகலமானால் பாரம் பரவும், பாரம் பரவினால் மண் இறுகாது. டயர் கடையில் கேட்டேன். "தாராளமா போடலாங்க, நெறைய பேரு போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். டயர், டியூப், மாட்டுக் கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். கார்த்திகை மாதம் மாட்டியாயிற்று.

முதல் பத்து நாள் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வண்டி எடுப்பாகத் தெரிந்தது. சேற்றில் முன்பு திணறிய இடத்தில் சாதாரணமாக ஏறிப் போனது. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நானும் மாத்தீர்லாமான்னு இருக்கறன்" என்றார். நல்லவேளை, மாற்றவில்லை.

ஒன்றை மாற்றினால் நாலு மாறுகிறது

முதலில் உரசல். டயர் 1.2 அங்குலம் அகலம் கூடியதால் திரும்பும்போது உள்பக்கம் மட்கார்டில் உரசியது. கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பி மாட்டி, சக்கரத்தை வெளியே தள்ளிக் கொடுத்தார். அப்படித் திருப்பும்போது இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டயர் பட்டன் எதிர்த்திசையில் நின்று, சேறு உதிராமல் அப்பிக்கொள்ளும். அதைச் சரியாகத்தான் செய்தார். உரசல் நின்றது. ஆனால் என் மஞ்சள் பாத்திகள் பழைய சக்கர இடைவெளிக்கு அளந்து போட்டவை. வெளியே தள்ளிய சக்கரம் வாய்க்காலில் ஓடாமல் அடுத்த பாத்தியின் ஓரத்தில் ஏறி ஓடியது. மண்ணைக் காப்பாற்றப் போட்ட டயர், இதுவரை மிதிபடாத மண்ணையும் மிதித்தது.

இரண்டாவது, இழுவை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் கூடும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்தேன். பழைய டயர் 267 சென்டிமீட்டர், புதியது 285. ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். அதே கியரில் வண்டி 7 சதவீதம் வேகமாகப் போகும், இழுக்கும் சக்தி அதே அளவு குறையும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை. வாய்க்கால் மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது ஒரு கியர் குறைத்தால்தான் வண்டி ஏறியது. ரொட்டவேட்டரின் கத்தி சுற்றும் வேகம் மாறவில்லை, வண்டி மட்டும் முந்திப் போனது. அதனால் கட்டி பெரிதாக விழுந்தது.

மூன்றாவது, உயரம். பின்பக்கம் சுமார் 3 சென்டிமீட்டர் உயர்ந்தது. இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் கருவிகளின் ஆழத்தை எல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது. இதுவே சக்கரத்தை வெளியே தள்ள இடமில்லாத வண்டியாக இருந்தால், வரப்பில் சாய்ந்து போகும்போது கவிழ்கிற ஆபத்தும் கூடும்.

நாலாவதுதான் என் கையைச் சுட்டது.

ஆவணியில் நின்ற வண்டி

மறு வருசம் ஆவணி. நெல் வயலுக்குச் சேறு அடிக்க வேண்டும். நாற்றங்காலில் தூயமல்லி நாற்று தயாராக நிற்கிறது. அதற்கு முந்தின நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் போனேன். நாலு சக்கர இழுவைக்கான லீவரை எடுத்துவிட மறந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அது எப்போதும் மாட்டியேதான் இருக்கும். கொஞ்ச நாளாகவே ஸ்டீயரிங் கனமாக இருந்தது. முன் டயர் பட்டன் வேகமாகத் தேய்ந்து வந்தது. அடியில் ஒரு முனகல் சத்தமும் கேட்டது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று பாதி வழியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு முன்பக்க இழுவை போய்விட்டது.

மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்தார். முன் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் கியரில் இரண்டு பல் உடைந்திருந்தது. நிமிர்ந்து பின் டயரைப் பார்த்தார்.

"தம்பி, பின்னால மட்டும் பெருசு போட்டீங்களா?"

"ஆமாங்கண்ணா. மண்ணு எறுகக் கூடாதுன்னு போட்டனுங்க."

"முன்னால மாத்தலையா?"

"அது எதுக்குங்கண்ணா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு சாக்பீஸ் எடுத்து வந்து என் பழைய சக்கரத்தில் ஒரு கோடு, முன் சக்கரத்தில் ஒரு கோடு போட்டார். "கியர் ரெடியாகட்டும், உங்களுக்குக் கணக்காவே காட்டறன்" என்றார்.

வண்டி தயாராகப் பதினோரு நாள் ஆனது. செலவு 31,000 ரூபாய். வாடகை டிராக்டர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் சமயம் அது, எனக்குக் கிடைக்கவில்லை. நாற்று வயசு ஏறிப்போய், தூர் குறைந்தது. அந்தப் போகத்தில் இழந்த நெல்லை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணன் காட்டிய கணக்கு

நாலு சக்கரமும் இழுக்கிற டிராக்டரில் முன் சக்கரம் சின்னது, பின் சக்கரம் பெரிது. இரண்டையும் ஒரே கியர்பெட்டிதான் சுற்றுகிறது. பின் சக்கரம் பத்துச் சுற்று போனால் முன் சக்கரம் இத்தனை சுற்று போக வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே பல் எண்ணி வைத்துவிடுகிறார்கள். முன் சக்கரம் ஒரு பொடி முந்திப் போகும்படி, பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக வைப்பார்கள். அப்போதுதான் முன்பக்கம் வண்டியை இழுக்கும். வண்டிமாட்டு ஜோடி மாதிரிதான். முன்னால் போகிற மாடு ஒரு அடி முந்தினால் வண்டி போகும், பிந்தினால் மற்ற மாடு அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

அவர் காட்டிய சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சமமான கெட்டித் தரையில், முன் இழுவையை எடுத்துவிட்டு, பின் சக்கரம் பத்துச் சுற்று போகும்படி மெதுவாக ஓட்ட வேண்டும். ஒருவர் கூடவே நடந்து முன் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். பிறகு முன் இழுவையை மாட்டி அதேபோல எண்ண வேண்டும்.

பழைய டயரோடு என் வண்டியில், இழுவை இல்லாமல் முன் சக்கரம் 16 சுற்று, இழுவையோடு பதினாறரை. அதாவது முன்பக்கம் 3 சதவீதம் முந்துகிறது. அது சரியான நிலை.

பெரிய பின் டயரோடு, இழுவை இல்லாமல் முன் சக்கரம் 17 சுற்று உருள வேண்டியிருந்தது. ஆனால் கியர் அதே பதினாறரைதான் கொடுக்கும். முந்த வேண்டிய முன்பக்கம் 3 சதவீதம் பிந்திவிட்டது. அதாவது நான் ஒன்பது மாதமாக முன்பக்கம் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓட்டியிருக்கிறேன்! சேற்றில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டது. தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் கியர் பல்லில் ஏறியது.

"பெரிய டயர் தப்பில்லீங்க தம்பி" என்றார் அண்ணன். "பின்னால ஏத்துன அதே சதவீதம் முன்னாலயும் ஏத்தோணும். அதுக்குப் பொருத்தமான முன் டயர் கெடைக்குமான்னு பாத்துட்டுத்தான் பின் டயர்ல கையே வெக்கோணும்." அப்படிப் பார்த்தால் முன் டயரும் மாற்ற வேண்டும், அது திரும்பும்போது எங்கும் இடிக்காமல் இருக்க வேண்டும். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

உண்மையில் மண்ணை அழுத்துவது எது?

சரி, வண்டியை விடுங்கள். மண்ணாவது இளகியதா? ஒன்பது மாதம் கழித்து அதே தடத்தில் கடப்பாரையை ஊன்றினேன். நாலு விரல் போன இடத்தில் ஐந்து விரல் போனது. அவ்வளவுதான். ஏன் என்று புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதிப் பாதி துவாரம். அதில் காற்றும் தண்ணீரும் இருக்கும். வேரும் மண்புழுவும் கோடிக்கணக்கான நுண்ணுயிரும் குடியிருப்பது அந்தத் துவாரங்களை நம்பித்தான். சக்கரம் நசுக்குவது மண்ணை அல்ல, அந்தத் துவாரங்களை.

மேல் மண்ணில் விழும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். 28 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. 14 என்றால் சுமார் 1 கிலோ. பெரிய டயரின் உண்மையான பயன், அதே பாரத்தைக் குறைந்த காற்றில் தாங்கும் என்பதுதான். நான் என்ன செய்தேன்? டயரைப் பெரிதாக்கிவிட்டு, ரோட்டுக்கு வேண்டும் என்று 28 பி.எஸ்.ஐ. காற்றையே அடித்து வைத்திருந்தேன். கல்லு மாதிரி உப்பிய டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் பட்டது. 24,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடவே இல்லை.

அடி மண்ணின் கதை வேறு. ஒரு முழத்துக்குக் கீழே போகும் அழுத்தத்தை, டயர் அகலத்தைவிட அச்சின் மேல் இருக்கும் மொத்தப் பாரமே தீர்மானிக்கிறது. மாட்டின் குளம்பும் மண்ணை அழுத்தத்தான் செய்கிறது. ஆனால் மொத்த எடை குறைவு என்பதால் அது மேலோடு நின்றுவிடும். நானோ இழுவைக்காகப் பின் டயருக்குள் தண்ணீர் வேறு நிரப்பி வைத்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேல் ஈரம். காய்ந்த மண் பாரத்தைத் தாங்கும். நனைந்த மண் வழுக்கிக்கொண்டு அமுங்கிவிடும். ஒரே இடத்தில் பலமுறை போகும்போது, முதல் தடவை போவதிலேயே பெரும்பகுதி இறுக்கம் முடிந்துவிடுகிறது. பிறகு அதே தடத்தில் எத்தனை தடவை போனாலும் சேதம் கொஞ்சம்தான் கூடும். இதைப் புரிந்துகொண்டபோதுதான் வழி தெரிந்தது. தடத்தைப் பரப்பக் கூடாது, ஒதுக்க வேண்டும்.

இப்போது செய்வது

பெரிய டயர் இரண்டையும் பாதி விலைக்கு விற்றேன். வாங்கியவருக்கு ஒரிஜினலாகவே அந்த அளவுதான் என்று பார்த்துக்கொண்டுதான் கொடுத்தேன். பழைய டயர் மறுபடி வண்டிக்கு வந்தது. பிறகு செலவில்லாத நாலு மாற்றம் செய்தேன்.

முதலில் காற்று. 400 ரூபாய்க்கு ஒரு காற்று மீட்டர் வாங்கினேன். டயர் தயாரிப்பாளரின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தோட்ட வேலைக்கு என் வண்டிக்கு 16 பி.எஸ்.ஐ., டிரெய்லரோடு ரோட்டுக்கு 26 என்று வைத்துக்கொண்டேன். இது என் வண்டிக்கான கணக்கு. உங்கள் டயர், உங்கள் பாரத்துக்கு அட்டவணையைப் பார்த்தே வையுங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, டியூப் வால்வு பிய்ந்துவிடும்.

இரண்டாவது, டயருக்குள் இருந்த தண்ணீரையும் தேவையில்லாத எடைக் கட்டிகளையும் எடுத்துவிட்டேன். சேறு அடிக்கிறபோது மட்டும் கேஜ் வீல்.

மூன்றாவது, நிரந்தரத் தடம். வாழையை இணைவரிசையாக மாற்றி, வண்டி போக எட்டு அடி வழி விட்டேன். மஞ்சளில் பாத்தியும் வாய்க்காலும் வண்டியின் சக்கர இடைவெளிக்கு அளந்து போட்டது. அந்தத் தடத்தை விட்டு வண்டி இறங்காது. தடம் இறுகினால் இறுகட்டும், அது ரோடு. பாத்தி பயிருக்கு.

நாலாவது, மண் உருண்டை. வண்டியை எடுக்கும் முன் அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுவேன். திரி மாதிரி நீண்டு வந்தால் அன்று வண்டி வெளியே வராது. உதிர்ந்தால் வரும். ஏற்கனவே இறுகிப் போன பழைய தடங்களைக் கோடையில் நன்றாகக் காய்ந்தபோது உளிக்கலப்பையால் ஒருமுறை கீறி, சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து, மேலே மூடாக்குப் போட்டேன். இரும்பு கீறிய வழியில் வேர் இறங்கினால்தான் அது மறுபடி மூடாது.

இரண்டு வருசம் ஆகிறது. போன மழைக்குப் பிறகு அம்மாதான் கடப்பாரையை எடுத்துப் போனார். பழைய தடத்தில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "முக்கா முழம் போகுது கண்ணு" என்றார். எட்டு வருசம் சேர்த்ததை ஒரு வண்டி கெடுத்ததும், அதைத் திரும்பப் பெற இரண்டு வருசம் ஆனதும் அந்த ஒரு வரியில் இருந்தது.

அப்படியும் பெரிய டயர் வேண்டும் என்பவர்களுக்கு

சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படும். கடன் வாங்கி மாட்டும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. நாலு சக்கர இழுவை வண்டியா? முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் ஏற்ற முடியுமா என்று பாருங்கள். மாட்டிய அன்றே பத்துச் சுற்று எண்ணிப் பாருங்கள். முன்பக்கம் பிந்தினால் அந்த டயர் வேண்டாம்.

2. இப்போது உள்ள ரிம்மின் அகலம் புதிய டயருக்கு ஏற்றதா? விட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் ஏறினால் நடு மட்டும் புடைக்கும்.

3. மட்கார்டு, ஸ்டீயரிங் கம்பி, ஹிட்ச் கைகள் இவற்றுக்கும் டயருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கிறதா? முழுதாகத் திருப்பி, பாரம் ஏற்றிப் பாருங்கள்.

4. சக்கர இடைவெளி மாறினால் உங்கள் பாத்திக்கு அது பொருந்துமா?

5. வாரண்டி இருக்கிறதா? தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டிலும் கேள்வி வரும். எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரின் "ஒண்ணும் ஆகாது" எந்த ஆபீசிலும் செல்லாது.

6. எந்த டயராக இருந்தாலும் கெட்டித் தரையிலும் ரோட்டிலும் முன் இழுவை லீவரை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், ஒரு காற்று மீட்டர் வாங்கி, இப்போது உங்கள் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தேவையான பெரிய டயர், அந்தச் சின்ன டயருக்குள்ளேயே இருக்கும்.